எடித் கேவல் அம்மையார்

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் நார்விச் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அந்நகரத்துக்குத் தெற்கே சில கல் தொலைவில் சுவார்டஸ்டன் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூர்த் திருச்சபையின் குருவாகப் பல்லாண்டுகள் தொண்டாற்றியவர் பிரடெரிக் கேவல் என்பவர். அவருடைய மக்கள் நால்வருள் மூத்தவராக 1865ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள் எடித் பிறந்தார். அக்குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. ஆயினும், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் சமைத்த உணவில் ஒரு பங்கு ஊர் ஏழைகளுக்குச் சென்ற பின்னரே வீட்டார் உண்பது வழக்கம்.

எடித் இளமையிலேயே எடுத்த செயலை முடிக்கும் உறுதி வாய்ந்தவராய் இருந்தார். ஊர்ச் சிறுவர் மறைக்கல்வி பயில்வதற்கு ஒரு கூடம் இல்லாத குறை இருந்தது. சிறுமியாகிய அவர் நார்விச் நகரத்துப் பேராயருக்கு அதுபற்றிக் கடிதம் எழுதினார். ஊரார் ஒரு பகுதிப் பொருளைத் திரட்டினால் தாமும் உதவுவதாகப் பேராயர் விடை விடுத்தார். எடித் ஓவியம் தீட்டுவதில் வல்லவர். தாம் தீட்டிய வாழ்த்து அட்டைகளை விற்றுப் பொருள் சேர்த்தார், கூடமும் எழுந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின், அக்காலத்தில் ஓரளவு கற்ற பெண்டிர்க்குத் திறந்திருந்த சில வழிகளுள் ஒன்றாகிய வீட்டாசிரியைப் பணியை அவர் மேற்கொண்டார். பிரெஞ்சு மொழியில் தேர்ச்சி பெற்றிருந்தமையால், 1890ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுகள் பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரசெல்சில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். 1895ஆம் ஆண்டில் தந்தையார் நோயுற்றார். எடித் ஊர் திரும்பி அவருக்குப் பணிவிடை செய்தார். தந்தையார் நலமுற்று எழுந்தார். அந்நாட்களில்தான் தமக்குரிய தொழில் எது என்பது எடித்துக்குத் தெளிவாயிற்று.

நம் பழந்தமிழ் அகநூல்களில் தலைவியை வளர்த்த தாய்க்குச் செவிலி என்பது பெயர். பெற்றவள் அல்லள், ஆயினும் பேணுபவள். பிணியாளரைப் பேணும் மகளிர்க்கு இச்சொல்லைப் பிற்காலத்தார் வழங்கியது மிகவும் பொருத்தமே. ஆனால் பேணும் உள்ளம் மட்டும் இத்தொழிலுக்குப் போதாது, பயிற்சியும் வேண்டும். முப்பது அகவை நிறைந்த நிலையில், தம்மினும் இளையரான மகளிரோடு ஒருவராய், 1896ஆம் ஆண்டில் எடித் இலண்டன் மருத்துவமனையில் பயிற்சிச் செவிலியாகச் சேர்ந்தார். அம்மருத்துவமனை நகரின் கிழக்கே ஏழைமக்கள் நெருங்கி வாழ்ந்த ஒயிட்சாப்பல் பகுதியில் இருந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு ஒன்பது மணிக்கே முடியும். படுக்கை விரித்தல், புண் கழுவுதல், கலங்களைத் தூய்மை செய்தல் முதலிய எல்லாவற்றையும் பயில்வோரே செய்தல் வேண்டும்.

அங்குத் தலைமைச் செவிலியாய் இருந்த ஈவா லக்ஸ் அம்மையார் பெயர் பெற்றவர், கண்டிப்பு மிக்கவர். அவர் எடித்தைப் பற்றி எழுதி வைத்த குறிப்பில் புகழ்ச்சி காணப்படவில்லை. காலந்தவறாமை இவரிடம் இல்லை என்றும், முற்றிலும் நம்பத்தக்க செவிலி அல்லர் என்றும் அவர் மதிப்பிட்டார். பின்னாளில் உலகம் போற்றிய ஒருவர் பயிற்சிக் காலத்தில் பெற்ற சான்று இதுவேயாகும்! லக்ஸ் அம்மையாரின் கண் பிழைபட்டதோ, எடித்தே பின்னர்த் திருந்தினாரோ, அறியக்கூடவில்லை. இரண்டும் ஓரளவு உண்மையாகலாம்.

1897ஆம் ஆண்டில் மெயிட்ஸ்டன் என்னும் ஊரில் குடிநீர் மாசுற்றமையால் குடற்காய்ச்சல் கொள்ளைநோயாய்ப் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுக்கையில் வீழ்ந்தனர். இலண்டன் மருத்துவமனையினின்று அனுப்பப்பட்ட செவிலியருள் எடித்தும் ஒருவர். அக்காய்ச்சலுக்கு அந்நாளில் தனி மருந்து கிடையாது. உடம்பைத் துடைத்து வெப்பம் தணித்தல், சிறுகச் சிறுக நீருணவு ஊட்டுதல், கழிவுகளைப் பிறர்க்குத் தொற்றாதவாறு அகற்றுதல் ஆகிய பணிவிடைகளே மருந்தாய் இருந்தன. தம் உயிருக்கும் ஊறு நேரலாம் என்பதை அறிந்தே செவிலியர் அங்கு உழைத்தனர். அப்பணிக்காக அவ்வூரார் எடித்துக்கு ஒரு பதக்கம் அளித்தனர்.

பயிற்சிக்குப் பின் அவர் படிப்படியாக உயர்ந்தார். செல்வர் இல்லங்களுக்குச் சென்று நோயாளரைப் பார்க்கும் தனிச்செவிலியாகச் சிறிது காலம் இருந்தார். பின்னர், வறியோர்க்கென அமைந்த செயிண்ட் பாங்கிராஸ் மருத்துவமனையில் இரவுக் கண்காணிப்பாளர் ஆனார். 1903ஆம் ஆண்டில் ஷோர்டிச் மருத்துவமனையில் துணைத் தலைமைச் செவிலியாக அமர்ந்தார். நோய் நீங்கி வீடு திரும்பியோரை அவர்தம் இல்லங்களுக்கே சென்று கண்டு, நலம் உசாவும் வழக்கத்தை அங்கு அவர் மேற்கொண்டார். குணமாயிற்று என்று அனுப்பப்பட்ட ஏழை, ஈரம் படிந்த குடிலில் உணவின்றி மீண்டும் நோயுறுவதை மருத்துவமனைச் சுவர்களுக்குள் இருப்பவர் எங்ஙனம் அறிவர்? பின்னர் மாஞ்செஸ்டர் நகரிலும் சிறிது காலம் தொண்டாற்றினார்.

1907ஆம் ஆண்டில் அவரைத் தேடி ஓர் அழைப்பு வந்தது. பெல்ஜிய நாட்டு அறுவை மருத்துவராகிய அந்துவான் தெபாழ் என்பவர் பிரசெல்சில் செவிலியர் பயிற்சிப்பள்ளி ஒன்று நிறுவ விரும்பினார். பிரெஞ்சு மொழி அறிந்த தலைமைச் செவிலி அவருக்குத் தேவைப்பட்டார். எடித் அப்பொறுப்பை ஏற்றார். அந்நாட்டில் பிணியாளரைக் கன்னித்துறவியர் பேணி வந்தனர். அவர்தம் அன்பில் குறைவில்லை. ஆனால் புதிய மருத்துவ முறைகளில் பயிற்சி இல்லை. நற்குடிப் பெண்கள் ஊதியத்துக்கு உழைப்பதோ இழிவு எனக் கருதப்பட்டது. ஆகவே நான்கு வீடுகளை ஒன்றாக இணைத்து அமைத்த அப்பள்ளியில் தொடக்கத்தில் ஒருசில பெண்களே சேர்ந்தனர். பெல்ஜிய அரசியார் கை முறிவுற்றபோது இப்பள்ளியினின்று ஒரு செவிலியை வரவழைத்தார். அதன்பின் ஊரார் மனம் மாறலாயிற்று. போருக்கு முன்பே மூன்று மருத்துவமனைகளுக்கும் பல பள்ளிகளுக்கும் இங்கிருந்து செவிலியர் சென்றனர். 1910ஆம் ஆண்டில் செவிலியர்க்கென ஓர் இதழையும் எடித் தொடங்கினார்.

காலை உணவின்போது அவர் தம் கைக்கடியாரத்தை மேசைமீது வைத்திருப்பார். இரண்டு நிமிடத்துக்குமேல் காலந்தாழ்த்து வரும் மாணவி அன்று இரண்டு மணிநேரம் மிகையாக உழைத்தல் வேண்டும். லக்ஸ் அம்மையார் இதனைக் கேள்வியுற்றிருப்பின் வியந்திருப்பார்.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டபோது எடித் விடுமுறையில் தாயாரோடு நார்விச்சில் இருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம்; தடுப்பாரும் குறைகூறுவாரும் இல்லை. அவரோ உடனே பிரசெல்சுக்குத் திரும்பினார். ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் அந்நகரம் ஜெர்மானியர் கைப்பட்டது. பள்ளி செஞ்சிலுவை மருத்துவமனை ஆயிற்று. புண்பட்டு வருபவன் எந்நாட்டானாயினும் ஒரே வகையாகப் பேணவேண்டும் என்பதே செவிலியர்க்கு அவர் இட்ட கட்டளை. ஜெர்மானிய வீரரும் அங்கு அவ்வாறே பேணப்பட்டனர்.

அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் தம் படையினின்று பிரிந்துபோன ஆங்கிலப் படையினர் இருவர் அடைக்கலம் நாடி வந்தனர். அகப்பட்டால் அவர்களுக்கும் கேடு, இடங்கொடுத்தவர்க்கும் கேடு. எடித் அவர்களை மறைத்து வைத்து, நடுநிலை நாடாகிய ஆலந்துக்கு வழிகாட்டி அனுப்பினார். இருவருக்குத் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை. நண்பர் பலர் துணைநிற்க, ஏறத்தாழ 200 பேர் தப்பிச் செல்ல அவர் உதவினார். செஞ்சிலுவைக் கொடியின்கீழ் இதனைச் செய்தது முறையோ என வினவுவார் உண்டு. வாயிலில் வந்து நிற்பவனைச் சாவுக்குத் திருப்பியனுப்பத் தம்மால் இயலாது என்பது ஒன்றே எடித்தின் உள்ளத்தில் நின்றது.

1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் அவர் சிறைப்பட்டார். அக்டோபர்த் திங்களில் படைமன்றத்தில் விசாரணை நிகழ்ந்தது. தம் செயலை அவர் மறைக்கவில்லை. அவ்வுண்மையே அவருக்கு எதிரான வலிய சான்றாயிற்று. ஐவருக்குச் சாவுத்தண்டனை விதிக்கப்பட்டது. அமெரிக்க, இசுப்பானியத் தூதர்கள் நள்ளிரவுவரை மன்றாடியும் பயனில்லை.

சிறையிலிருந்து தம் செவிலியர்க்கு அவர் ஒரு மடல் எழுதினார். சிற்சில வேளை தாம் அளவுக்குமேல் கண்டிப்பாய் இருந்திருக்கலாம் என்றும், அவர்கள் அறிந்ததினும் மிகுதியாக அவர்களைத் தாம் நேசித்ததாகவும் அதில் குறித்தார். இறுதி இரவில் தம்மைக் காணவந்த குருவிடம், எவர்மீதும் தமக்குப் பகைமை இல்லை என்பதைத் தெரிவித்தார். அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் விடியற்காலையில் அவரும், அவரோடு உழைத்த பிலிப் போக் என்பவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மற்ற மூவர் உயிர் தப்பினர்.

இச்செய்தி உலகைக் குலுக்கியது. இங்கிலாந்தில் அவர் படத்தைக் காட்டிப் படைக்கு ஆள் சேர்த்தனர். பகைமை பாராட்டாத ஒருவரின் பெயர் பகைமை வளர்க்கப் பயன்பட்டது இரங்கத்தக்கதே. போர் ஓய்ந்தபின், 1919ஆம் ஆண்டு மே திங்களில் அவரது உடல் தாய்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் வழிபாடு நடந்தது. அங்கேயே அடக்கம் செய்யாமல், உற்றார் விருப்பப்படி நார்விச் பேராலயத்தின் புறத்தே, அவர் பிறந்த சிற்றூருக்கு அண்மையில் அடக்கம் செய்தனர். பிரசெல்சில் தெபாழ் மருத்துவர் நிறுவிய மருத்துவ நிலையம் எடித் கேவலின் பெயரையும், போர்க்காலத்தில் கடலில் உயிர்நீத்த தம் மனைவியார் மேரியின் பெயரையும் ஒருங்கே தாங்கியது.