கரியால் எழுதிய கடிதம்

ஓரியூர் நமக்கு அந்நிய ஊரல்ல. 1985 வரை அதுவும் விருதுநகரும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன.

புனித அருளானந்தர் 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்தார். அரண்மனையில் இளவரசரின் ஏவலராக வளர்ந்தவர், இயேசு சபைத் துறவியாகி மதுரை மிஷனுக்கு வந்தார். காவியுடுத்தி, புலால் நீக்கித் தமிழகத் துறவியாகவே வாழ்ந்தார். 1686-இல் மறவ நாட்டில் பிடிபட்டு, உபதேசியார்களோடு கடும் சித்திரவதைக்கு உள்ளானார். பின்னர் தாயகம் சென்றபோது, மன்னராகிவிட்ட அதே இளவரசர் அவரை அங்கேயே தங்கும்படி வேண்டினார். அவரோ அடிபட்ட நாட்டுக்கே திரும்பி வந்தார்!

இங்கே தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவினள். (அவள் மனம் நொந்ததில் வியப்பென்ன?) முறையீடு அரசரிடம் சென்றது. 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார்.

ஓரியூர்ச் சிறையில் மை ஏது? கரியை நீரில் கரைத்துத் தம் சக குருக்களுக்குக் கடிதம் வரைந்தார். அதில் புலம்பல் இல்லை. காட்டிக்கொடுத்தவர்மீது வசையும் இல்லை. தம் உழைப்புக்கெல்லாம் கிடைக்கும் பரிசாகவே மரணத்தை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதினார்.

மறுநாள், பிப்ரவரி 4, அவர் தலை வெட்டப்பட்டது. 1947 ஜூன் 22-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார்.