டிரைவிங் டெஸ்ட், எல் போர்டு எப்படி வந்தது? பிரிட்டனை மாற்றிய ஹோர்-பெலிஷா யார்?

எல்எல்ஆர் எடுக்கணும், 30 நாள் பொறுக்கணும், அப்புறம் ஆர்டிஓ அதிகாரி முன்னாடி வண்டியை ஓட்டிக் காட்டணும். லைசென்ஸ் வாங்கப் போகிற பலருக்கும் இது பெரிய தலைவலி. ஆனால் பணத்தைக் கட்டினால் போதும், வண்டியைத் தொட்டே பார்க்காதவருக்கும் லைசென்ஸ் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அதுவும் பிரிட்டனில். அந்த நிலைமை மாறியபோது அங்கே போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர்-பெலிஷா.

யார் இவர்?

1893-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். பின்னாளில் அம்மா, ஹோர் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்தப் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டதால்தான் இவர் ஹோர்-பெலிஷா.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தார். முதல் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றி மேஜர் ஆனார். 1923-ல் பிளிமத் நகரின் டெவன்போர்ட் தொகுதியில் வென்று எம்.பி. ஆனார். 1934 ஜூன் மாதம் போக்குவரத்து அமைச்சரானபோது வயது 40.

அப்போது சாலைகள் எப்படி இருந்தன?

பிரிட்டனில் 1904 முதலே லைசென்ஸ் கட்டாயம். ஆனால் டெஸ்ட் கிடையாது. 5 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில். பக்கத்து நாடான பிரான்ஸ் 1899-லேயே ஓட்டுநர் சான்றிதழைக் கட்டாயமாக்கியிருந்தது.

போதாக்குறைக்கு, 1930-ல் கார்களுக்கான மணிக்கு 20 மைல் வேக வரம்பையும் பிரிட்டன் எடுத்துவிட்டது. யாரும் மதிக்காத சட்டம் எதற்கு என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம்.

விளைவு? 1934-ல் மட்டும் சாலை விபத்துகளில் 7,343 பேர் பலியானார்கள். 2 லட்சத்து 31 ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமடைந்தார்கள். அப்போது அந்த நாட்டில் ஓடிய வாகனங்கள் சுமார் 24 லட்சம்தான்.

எதிர்ப்பு ஏன் வந்தது?

டெஸ்ட்டுக்கான சட்ட மசோதா, இவருக்கு முன் அமைச்சராக இருந்த ஆலிவர் ஸ்டான்லி காலத்திலேயே நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர், கார் பந்தய வீரராகவும் இருந்த எம்.பி. மூர்-பிரபசான். ஆரம்பத்தில் கார்களில் அடிபட்ட கோழியும் நாயும்கூட இப்போது விலகிப் போகக் கற்றுக்கொண்டன, இதெல்லாம் போகப்போகத் தானாகச் சரியாகிவிடும் என்பது அவருடைய வாதம். இதே நபர் 1940-ல் போக்குவரத்து அமைச்சரானார் என்பது தனிக்கதை.

ஹோர்-பெலிஷா பதவிக்கு வந்த புதிதில் லண்டனின் கேம்டன் ஹை ஸ்ட்ரீட்டைக் கடக்கும்போது, வேகமாக வந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவரையே இடித்திருக்கும். நூலிழையில் தப்பினார். நடந்து போகிறவர்களின் பாதுகாப்பு அவருடைய முதல் வேலையாக மாறியது.

என்னென்ன செய்தார்?

சாலையைக் கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் அதன் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டையும் வைக்கச் சொன்னார். மக்கள் அதற்கு வைத்த பெயர் பெலிஷா பீக்கன். ஆரம்பத்தில் அது கேலிப் பொருளானது. கண்ணாடி உருண்டைகளைக் குறிபார்த்துக் கல்லால் அடித்து உடைத்தவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை.

1935 மார்ச் 18 முதல் ஊர்ப் பகுதிகளில் மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேக வரம்பு அமலுக்கு வந்தது. ஹைவே கோட் என்ற சாலை விதிக் கையேடும் விரிவாக்கப்பட்டது.

அடுத்து வந்ததுதான் டிரைவிங் டெஸ்ட்.

முதல் டெஸ்ட் எப்படி இருந்தது?

ஒரே நாளில் கூட்டம் முண்டியடிக்கக் கூடாது என்று, 1935 மார்ச் மாதம் முதல் விருப்பப்பட்டவர்களுக்கு டெஸ்ட் நடந்தது. ஜூன் 1 முதல் கட்டாயமானது. ஆனால் எல்லாருக்கும் இல்லை. 1934 ஏப்ரல் 1-க்குப் பிறகு ஓட்டத் தொடங்கியவர்களுக்கு மட்டும். அதற்கு முன்பே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் கடைசிவரை டெஸ்ட் இல்லாமலே ஓட்டினார்கள்.

கட்டணம் 7 ஷில்லிங் 6 பென்ஸ். தேர்வு மையம் என்று தனியாக எதுவும் கிடையாது. பூங்கா வாசல், ரயில் நிலையம் என எங்காவது ஓர் இடத்தைப் பேசிவைத்துக்கொண்டு தேர்வாளரைச் சந்திக்கணும். வண்டியை ஓட்டிக் காட்டணும், கை சைகைகளைச் சரியாகச் செய்யணும், சாலை விதிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லணும். முதல் ஆண்டில் தேர்ச்சி 63 சதவீதம். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல் ஃபெயில்!

வெள்ளைப் பலகையில் சிவப்பு எல் எழுத்து என்ற எல் போர்டும் அங்கே அதே 1935-ல்தான் வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில் 1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. இன்றைக்கும் இங்கே பழகுநர் வண்டியில் ஒட்டுவது அதே வெள்ளை, அதே சிவப்பு எல்தான்.

பதவி பறிபோனது ஏன்?

1937-ல் அவர் போர்த்துறை அமைச்சரானார். சிப்பாய்களின் சம்பளம், தங்குமிடம் ஆகியவற்றை மேம்படுத்தினார். வயதான தளபதிகளை ஓரங்கட்டி இளையவர்களுக்கு வழிவிட்டார். மூத்த அதிகாரிகளுடன் மோதல் முற்றியது. அவர் யூதர் என்பதால் எழுந்த வெறுப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. 1940 ஜனவரியில் பிரதமர் சேம்பர்லெய்ன் அவரைப் பதவியிலிருந்து எடுத்தார். தகவல் துறையைக் கொடுக்கலாம் என்ற யோசனையும், யூதர் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று வெளியுறவுத்துறை எதிர்த்ததால் கைவிடப்பட்டது. வேறு துறை தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை.

1945 தேர்தலில் தொகுதியும் கைவிட்டுப் போனது. 1954-ல் பிரபுக்கள் சபைக்குப் போனார். 1957 பிப்ரவரியில், பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவுடன் பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகருக்குப் போனபோது, பேசிக்கொண்டிருக்கையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். வயது 63.

இன்று என்ன நிலை?

பிரிட்டனில் இப்போது நான்கு கோடிக்கும் மேல் வாகனங்கள். ஆனால் 2023-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,600 சொச்சம்தான். சீட் பெல்ட், நல்ல சாலை, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு எதிரான சட்டம் என இதற்குக் காரணங்கள் பல. ஓட்டத் தெரியும் என்று நிரூபித்த பிறகே லைசென்ஸ் என்ற விதியும் அவற்றில் ஒன்று.

ஆட்சியில் அவர் பெயரை ஓரங்கட்டினார்கள். கல்லால் அடிபட்ட அந்த ஆரஞ்சு உருண்டைகள் மட்டும் பிரிட்டன் சாலைகளில் இன்றும் எரிகின்றன, அவர் பெயரிலேயே.