எல்லை கடந்து வாழ்ந்த பாரதி: நாம் அறிய வேண்டிய ஒரு பக்கம்

வானூர் வட்டத்தில் வசிக்கும் நமக்குப் புதுச்சேரி அந்நிய ஊர் அல்ல. காலையில் சென்று வேலை முடித்து மாலையில் வீடு திரும்பி விடுகிறோம். ஆனால் 1908இல் அது பிரெஞ்சு ஆட்சியின் எல்லை. பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பி அந்த எல்லையைக் கடந்த இளைஞர் ஒருவர், பத்தாண்டுகள் திரும்ப முடியாமல் அங்கேயே வாழ்ந்தார். அவர்தான் சுப்பிரமணிய பாரதி.

1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். சிறுவயதிலேயே கவிபாடி, பாரதி என்ற பட்டம் பெற்றார். காசியில் படித்தார். 1904இல் மதுரையில் சில மாதங்கள் ஆசிரியர் பணி. பின்னர் சென்னையில் சுதேசமித்திரன் நாளிதழில் வேலை. 'இந்தியா' வார இதழில் ஆங்கிலேய ஆட்சியைக் கடுமையாக எழுதியதே அவரைப் புதுச்சேரிக்குத் துரத்தியது.

புகலிடம் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. உளவாளிகள் பின்தொடர்ந்தனர். பத்திரிகை 1910இல் நின்றது. 1911இல் அவருடைய இரு நூல்கள் பிரிட்டிஷ் பகுதியில் தடை செய்யப்பட்டன. வறுமை வீட்டிற்குள் வந்தது. ஆயினும் கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் ஆகியவை பிறந்தது இந்தக் காலத்தில்தான். 'ஞானரதம்' என்ற உரைநடைக் கதையையும் எழுதினார். பிற்காலத்தில் தொடங்கிய 'சந்திரிகையின் கதை' நாவல் முற்றுப்பெறவில்லை.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டவர் கடலூர் அருகே கைதானார். சில வாரங்கள் சிறையில் இருந்தபின் விடுதலையாகி, மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில் தங்கினார். நாம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது இங்குதான் நடந்தது.

1920இல் 'ரயில்வே ஸ்தானம்' என்ற கதையை எழுதினார். அதில் ஒரு முஸ்லிம், உடன்பிறந்த சகோதரிகள் மூவரை மணந்திருப்பதாக வரும். ஒரு முஸ்லிம் நண்பர் அவரிடம் வந்து, சகோதரிகளை ஒரே காலத்தில் மணப்பது மார்க்கத்தில் ஹராம் என்று எடுத்துச் சொன்னார். சூரா அந்நிஸாவின் 23ஆம் வசனம் இதைத் தெளிவாகத் தடுத்திருப்பது நாம் அறிந்ததே. பாரதி வாதம் செய்யவில்லை. தவறை ஒப்புக்கொண்டு, கதையைத் திருத்துவதாக அச்சிலேயே எழுதினார்.

அதே 1920இல் பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் நடுவே இஸ்லாத்தின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவருடைய கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆனால் நம்மைப் பற்றித் தவறாக எழுதியவர்கள் எல்லாம் பகைவர்கள் அல்லர். அறியாமல் எழுதியவர்களும் உண்டு என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

அவ்வாண்டின் இறுதியில் சென்னை திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தாக்கப்பட்டு உயிர் பிழைத்தவர், பின்னர் வயிற்றுக் கடுப்பால் நலிந்து 1921 செப்டம்பரில் மறைந்தார். வயது 38. இறுதி ஊர்வலத்தில் வந்தவர்கள் மிகச் சிலரே.

அந்த நண்பரின் பெயரை வரலாறு பெரிதாகப் பேசவில்லை. கோபித்து ஒதுங்காமல், நேரில் சென்று, ஆதாரத்துடன் பக்குவமாகச் சொன்னார். கேட்டவரும் பெருந்தன்மையுடன் ஏற்றார். இன்று கைப்பேசியில் நம்மைப் பற்றி ஒரு தவறான செய்தி வரும்போது நம் பிள்ளைகள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்? அந்த நண்பரைப் போல என்று நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம்.