காமா பயில்வான்

காமா பயில்வான் (மே 22, 1878 – மே 23, 1960) பிரித்தானிய இந்தியாவில் வாழ்ந்த புகழ்பெற்ற மற்போர் வீரர் ஆவார். இவரது இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ். ஐம்பது வயதை எட்டிய பின்னரும் கோதாவில் இறங்கி வென்ற இவர், தோல்வியே காணாத வீரராகக் கருதப்படுகிறார். சிறுவயது முதல் படிப்படியாக வளர்க்கப்பட்ட இவரது உடற்பயிற்சி முறை, விளையாட்டு வீரர்களுக்கான வலிமைப் பயிற்சியைப் பற்றிப் பேசுவோரால் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

இளமை

காமா பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் உள்ள ஜப்போவால் என்னும் ஊரில், காஷ்மீர வழிவந்த மற்போர்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவரது தந்தை முகம்மது அஜீஸ் பக்ஷும் ஒரு பயில்வானே. காமாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது தந்தை இறந்தார். அதன் பின்னர் தாத்தாவும் மாமாவும் இவரை வளர்த்துப் பயிற்சியளித்தனர்.

1888 ஆம் ஆண்டு ஜோத்பூரில் பஸ்கிப் போட்டி ஒன்று நடைபெற்றது. நானூறுக்கும் மேற்பட்ட பயில்வான்கள் கலந்து கொண்ட அப்போட்டியில், பத்து வயதுச் சிறுவனான காமா இறுதிவரை நின்ற பதினைந்து பேருள் ஒருவராக இருந்தார். இவரது வயதைக் கருதி ஜோத்பூர் மன்னர் இவரையே வெற்றியாளராக அறிவித்தார். பின்னர் தத்தியா சமஸ்தானத்தின் மன்னர் இவரை ஆதரித்துப் பயிற்சிக்கு வழி செய்தார்.

பயிற்சி முறை

தமிழகத்தில் மற்போர் குஸ்தி என்றும், அது நிகழும் பண்படுத்தப்பட்ட மண்தளம் கோதா என்றும் வழங்கப்படும். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்னும் பட்டப்பெயர் கொண்டிருந்தமை, இக்கலைக்கு இங்கிருந்த மதிப்பைக் காட்டும். காமா மேற்கொண்ட பயிற்சிகளும் தமிழர்க்குப் புதியவை அல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல், கோதா மண்ணை வெட்டிப் புரட்டல் ஆகியவையே வடநாட்டுப் பயில்வான்களின் அடிப்படைப் பயிற்சிகள் ஆகும். பொதுவாக அதிகாலையில் மற்போர்ப் பயிற்சியும், மாலையில் தண்டால், பஸ்கி ஆகியவையும் நடைபெறும். இவ்வாறு திறனுக்கான பயிற்சியும் வலிமைக்கான பயிற்சியும் இடையில் ஓய்வும் உணவும் அமையுமாறு பிரிக்கப்பட்டிருந்தன.

சிறுவயதில் நாளொன்றுக்கு 500 பஸ்கி எடுத்த காமா, வளர்ந்த பின்னர் 5000 பஸ்கியும் 3000 தண்டாலும் எடுத்ததாகவும், நாள்தோறும் நாற்பது பயில்வான்களுடன் மோதிப் பழகியதாகவும் கூறப்படுகிறது. பால், பாதாம், நெய், பழம் ஆகியவை இவரது உணவில் முதன்மை பெற்றன. பின்னர் இறைச்சியும் சேர்க்கப்பட்டது.

இவ்வெண்ணிக்கைகள் ஒரே நாளில் எட்டப்பட்டவை அல்ல என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். உடல் ஒரு சுமைக்குப் பழகிய பின்னரே அடுத்த சுமை ஏற்றப்பட வேண்டும் என்பது வலிமைப் பயிற்சியின் முதல் விதியாகும். பழக்கமில்லாதவர் திடீரென நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்தால் தசைநார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படவும் கூடும். பயிற்சியின் அளவையும் கடுமையையும் ஆண்டின் பல கட்டங்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கும் முறையை, 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் கோட்பாடாக வகுத்தார். படிப்படியாகச் சுமையை ஏற்றும் வழக்கமோ அதற்கு நெடுங்காலம் முன்பே கோதாக்களில் இருந்து வந்தது.

பரோடாவில் 1902 ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று காமா தூக்கியதாகப் பொறிக்கப்பட்ட பெருங்கல் ஒன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் எடை 1200 கிலோகிராம் எனப்படுகிறது. பளுதூக்குதல் போட்டிகளில் தலைக்கு மேல் தூக்கப்பட்ட உலகச் சாதனை எடை 300 கிலோகிராமுக்கும் குறைவே என்பதால், இச்செய்தியை அப்படியே ஏற்பது கடினம்.

இலண்டன் பயணம்

1910 இல் வங்காளச் செல்வர் சரத் குமார் மித்ராவின் பொருளுதவியுடன் காமா தம் தம்பி இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். சுமார் 170 செ.மீ. உயரமே இருந்ததால் இவரைப் போட்டியில் சேர்க்க முதலில் மறுத்தனர். எந்த எடையுடைய மூவரையும் முப்பது நிமிடங்களில் வீழ்த்துவதாக இவர் அறைகூவல் விடுத்தார். அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலரை வென்றதும் இவர் மீது கவனம் திரும்பியது.

1910 செப்டம்பர் 10 அன்று போலந்து வீரர் ஸ்தானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். தொடக்கத்திலேயே தரையில் வீழ்த்தப்பட்ட ஸ்பிஸ்கோ, எழாமல் மண்டியிட்டுக் கிடந்தே இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகத் தற்காத்துக் கொண்டார். ஆட்டம் முடிவின்றி நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 17 அன்று நடைபெறவிருந்த மறு போட்டிக்கு ஸ்பிஸ்கோ வராததால் காமா வெற்றியாளராக அறிவிக்கப்பட்டு, ஜான் புல் இடைக்கச்சை வழங்கப்பட்டது. அன்னியர் ஆட்சியில் இருந்த மக்களுக்கு இவ்வெற்றி பெரும் ஊக்கம் அளித்தது.

நாடு திரும்பிய பின், ஏறத்தாழ ஏழடி உயரம் உடையவரெனக் கூறப்படும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவை அலகாபாத்தில் வென்றார். முந்தைய மோதல்கள் முடிவின்றிப் போயிருந்தன. இவ்வெற்றியால் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் பெற்றார்.

பாட்டியாலா போட்டி

1928 சனவரியில் பாட்டியாலாவில் காமாவும் ஸ்பிஸ்கோவும் மீண்டும் சந்தித்தனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் முடிவு காணாத போட்டி, இம்முறை ஒரு நிமிடத்திற்குள் காமாவின் வெற்றியில் முடிந்தது. அப்போது இவருக்கு வயது 49.

இறுதிக்காலம்

1947 நாட்டுப் பிரிவினையின்போது காமா லாகூரில் வாழ்ந்தார். கலவரத்தின்போது தம் பகுதியில் இருந்த இந்துக்களைக் காத்து நின்றார் எனக் கூறப்படுகிறது. இவரது மகன்கள் அனைவரும் இளமையிலேயே இறந்தனர். முதுமையில் நோயும் வறுமையும் வாட்டின. இந்தியத் தொழிலதிபர் ஜி. டி. பிர்லா இவருக்குப் பொருளுதவி அனுப்பினார். 1960 மே 23 அன்று லாகூரில் காலமானார்.

காமா பஸ்கி எடுக்கப் பயன்படுத்திய 95 கிலோகிராம் எடையுள்ள வளைய வடிவக் கல், பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1961 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இந்தியப் பயிற்றுநர்களை உருவாக்கி வருகிறது.

இவற்றையும் பார்க்கவும்

மற்போர்
தண்டால்
கர்லாக்கட்டை