மீன்களைப் பிரித்தறிந்த மருத்துவர்

தொட்டியில் நீந்தும் இரண்டு மீன்கள் சாயலில் ஒத்திருந்தால், பெரியது தாய், சிறியது குஞ்சு என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வாறு எண்ணிவிடாமல் உற்றுநோக்கிய அறிஞர் ஒருவரை அறிவோமா?

மார்க்கஸ் எலியேசர் பிளாக், 1723-ஆம் ஆண்டு ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். 19 வயதில்கூட அவருக்கு ஜெர்மன் மொழி சரிவரத் தெரியாது. எனினும் மனந்தளராது கற்று, பெர்லின் நகரில் மருத்துவரானார். 1782 முதல் 1795 வரை, 432 படங்களுடன் 12 பகுதிகளாக மீன் நூலை வெளியிட்டார்.

அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் பாதிரியார் நம் நாட்டு மீன்களை அவருக்கு அனுப்பி உதவினார். பிளாக் 1790-இல் கரிமீனுக்கும், 1795-இல் அதன் உறவான ஆரஞ்சு குரோமைடு மீனுக்கும் தனித்தனியே அறிவியற் பெயர் சூட்டினார். கரிமீன் பசுமை கலந்த உடலில் கரும்பட்டைகள் கொண்டது. ஓரடிக்கு மேலும் வளரும். மற்றதோ மஞ்சள் நிறம். விரல் நீளமே வளரும். விலாவில் கரும்புள்ளிகள் இருக்கும்.

அவரும் ஒன்றில் தவறினார். இரண்டையும் கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு சேர்த்துவிட்டார். பின்வந்தோர் அதைத் திருத்தினர். ஆயினும் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்ற அவர் முடிவு இன்றும் நிலைத்திருக்கிறது.

1799-இல் அவர் மறைந்தார். அவர் சேகரித்த மீன்கள் பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன. தோழியரே! தாமதமாகக் கற்கத் தொடங்கியவரும் கூர்ந்து நோக்கினால் உலகுக்கு ஆசிரியராகலாம். நாமும் பார்ப்பதோடு நில்லாமல், உற்றுநோக்கப் பழகுவோமாக!