கதை புரியும் வரை விடவில்லை!

1880-ம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரிக்குப் புதிய தமிழ் ஆசிரியர் வந்திருந்தார். வயது 25. பெயர் சாமிநாத அய்யர். பிற்காலத்தில் "தமிழ்த் தாத்தா" என்று நாடு கொண்டாடியது இவரைத்தான்.

அவருடைய சொந்த ஊர் உத்தமதானபுரம். இன்று அது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை சங்கீத வித்துவான். மகனுக்கோ தமிழ் மீதுதான் ஆசை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார்.

முன்சீப்பின் கேள்வி

அந்த ஆண்டு அக்டோபர் மாதம், சேலம் ராமசாமி முதலியார் என்ற முன்சீப்பை அய்யர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அய்யர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. சீவக சிந்தாமணி படித்தது உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அய்யர்.

பிறகு முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். அய்யர் ஆவலோடு பிரித்தார். புரியவில்லை!

அது திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய கதை. மொத்தம் 3,145 பாட்டுகள். அதில் வரும் சமண சமயச் செய்திகள் அய்யருக்குப் புதியவை. வேறொருவராக இருந்தால் பிரதியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அய்யர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தார்.

சமணர் வீட்டில்

கும்பகோணத்தில் சமணர்கள் வசித்தார்கள். ஒருநாள் ஒரு சமணர் வீட்டில் தோரணமும் மாக்கோலமுமாக இருந்தது. சிந்தாமணியைப் படித்து முடிக்கும் விழா! அய்யருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அவர்களிடம் தம் சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கதை துலங்கியது.

என்ன கதை? மந்திரி கட்டியங்காரன் துரோகம் செய்து அரசனைக் கொல்கிறான். கர்ப்பிணியான அரசி விசயை, மயில் வடிவப் பறக்கும் பொறியில் தப்புகிறாள். சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். வளர்ந்து, நாட்டை மீட்கிறான். முடிவில் துறவியாகிறான்.

தொடக்கத்திலேயே விசயை ஒரு கனவு காண்கிறாள். அசோக மரம் விழுகிறது. அதிலிருந்து ஒரு முளை எழுகிறது. அதில் ஒரு முடியும் எட்டு மாலைகளும் இருக்கின்றன. மரம் அரசன், முளை மகன், மாலைகள் அவன் மணக்கும் பெண்கள். முழுக் கதையும் ஒரே கனவில்! கதையின் முடிவு தெரிந்து மறுபடி படிப்பவர்களுக்குத்தான் இந்த வேலைப்பாடு நன்றாகத் தெரியும்.

சொல்லும் கலை

1887-ல் சிந்தாமணியை அய்யர் அச்சிட்டார். 1892-ல் சிலப்பதிகாரமும், 1898-ல் மணிமேகலையும் வெளிவந்தன. மணிமேகலையின் கதையை எளிய வசனத்திலும் எழுதிச் சேர்த்தார்.

பழைய கதைகளிலேயே ஊறிய அந்தக் கை, முதுமையில் சொந்தக் கதை சொல்லத் தொடங்கியது. 1940-ல் ஆனந்த விகடனில் "என் சரித்திரம்" வரத் தொடங்கியது. ஊர்கள், ஆசிரியர்கள், ஏடு தேடி அலைந்த நாட்கள் எல்லாம் அதில் உயிரோடு நடமாடின. அது முடியும் முன்பே, 1942-ல் அய்யர் காலமானார்.

உத்தமதானபுரத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. ஒரு நல்ல கதை முதல் தடவை புரியாவிட்டால் மூடிவிட வேண்டாம். அய்யரை நினைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் பக்கத்தைத் திறக்கலாம்.