பைக்னாலே பிடிக்காது... ஆனா வெஸ்பாவை டிசைன் பண்ணினவர் இவர்தான்!

உங்க வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்க. அப்பாவோ தாத்தாவோ ஒரு பஜாஜ் சேடக் பக்கத்துல நிக்கிற போட்டோ சிக்கலாம். முன்னாடி நின்னுக்கிட்டு வர்ற குழந்தை, பின்னாடி ஒருபக்கமா உட்கார்ந்த அம்மா, ஸ்டார்ட் ஆகலைன்னா வண்டியைச் சாய்ச்சு நிமிர்த்துற அந்தக் கைவைத்தியம்... எல்லாம் ஞாபகம் வருதா? அந்த சேடக்கோட மூலம் இத்தாலியின் வெஸ்பா. அதை வரைஞ்ச இன்ஜினீயருக்கு டூ வீலர் மேல துளியும் ஆசை கிடையாது. அவர் மனசு முழுக்க ஹெலிகாப்டர்தான்!

அவர் பெயர் கொராடினோ டஸ்கானியோ. 1891-ல் இத்தாலியின் போபோலி என்ற சின்ன ஊரில் பிறந்தவர். டூரின் நகரில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடிச்சதும் முதல் உலகப் போர். விமானங்களோடு பழக்கம் அப்போ ஆரம்பிச்சது. போருக்குப் பிறகு ஊருக்குத் திரும்பி, ட்ரோயானி என்ற பிரபுவோட பணத்தில் ஹெலிகாப்டர் செய்ய இறங்கினார். முதல் இரண்டு மாடல்களும் சொதப்பல். மூன்றாவது பறந்தது. 1930 அக்டோபரில், ரோம் பக்கத்துல இருக்கிற சியாம்பினோ விமானதளத்தில் 18 மீட்டர் உயரம், 8 நிமிடம் 45 விநாடி, 1,078 மீட்டர் தூரம். இன்னிக்கு ஒரு கல்யாண வீட்டு ட்ரோன்கூட இதைவிட அதிகமாப் பறக்கும். ஆனா, அன்னிக்கு இது மூன்றுமே உலக சாதனை!

சாதனை பண்ணியும் ஆர்டர் வரலை. அரசாங்கம் ஆர்வம் காட்டலை, பணமும் தீர்ந்துபோச்சு. 1932-ல் பியாஜியோ நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, விமானங்களுக்கான புரொப்பல்லர் டிசைன் பண்ண ஆரம்பிச்சார்.

அடுத்து இரண்டாம் உலகப் போர். பொன்டெடெராவில் இருந்த பியாஜியோ விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் நொறுங்கிப்போச்சு. போர் முடிஞ்சதும் விமானம் செய்யவும் வழியில்லை. முதலாளி என்ரிகோ பியாஜியோவுக்கு ஒரு யோசனை: ஆண், பெண் யாரும் சுலபமா ஓட்டுற மாதிரி, விலை குறைவா ஒரு வண்டி. கம்பெனியின் வேற இன்ஜினீயர்கள் ஏற்கெனவே ஒரு மாடல் செஞ்சிருந்தாங்க. அதுக்கு ‘பேப்பரினோ’னு பட்டப்பெயர். நம்ம டொனால்ட் டக் வாத்துக்கு இத்தாலியில் அதுதான் பெயர்! முதலாளிக்கு அது பிடிக்கலை. வேலை டஸ்கானியோ டேபிளுக்கு வந்துச்சு.

இங்கதான் சுவாரஸ்யம். பைக்கைப் பத்தி அவர்கிட்ட இருந்ததெல்லாம் குறைகள்தான். காலைத் தூக்கிப் போட்டு ஏறணும், செயின் எண்ணெய் பேன்ட்டைக் கறையாக்கும், பஞ்சர் ஆனா சக்கரத்தைக் கழற்றுறது பெரும்பாடு. பைக் பிரியரா இருந்திருந்தா இதெல்லாம் சகஜம்னு விட்டிருப்பார். இவர் ஒவ்வொரு எரிச்சலையும் ஒரு டிசைன் வேலையா எடுத்துக்கிட்டார்.

இன்ஜினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்துலயே வெச்சார், செயினே தேவைப்படலை. நடுவுல இன்ஜின் இல்லாததால, நாற்காலியில உட்கார்ற மாதிரி உட்காரலாம். கியரைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்குக்குப் பதிலா, விமானம் தரையிறங்குற சக்கரம் மாதிரி ஒரே பக்கத்துல ஒரு கை. அதனால கார் டயர் மாதிரி சுலபமாக் கழற்றலாம். பைப் ஃபிரேமும் கிடையாது. விமான உடம்பு மாதிரி, வளைச்ச ஸ்டீல் தகடே முழு பாரத்தையும் தாங்கும். விமானத்தில் கத்துக்கிட்ட பாடம் எல்லாம் தரைக்கு இறங்கிடுச்சு.

குறையே இல்லையான்னா, இருக்கு. இன்ஜின் வலதுபக்கம் இருக்கிறதால வண்டியோட எடை சரிசமமா இருக்காது. சக்கரமும் ரொம்பச் சின்னது. நம்ம ஊர் குழியில இறக்கினவங்க முதுகைக் கேட்டா சொல்லும்!

மெலிஞ்ச இடுப்பு, அகலமான பின்பக்கம், ரீங்காரச் சத்தம். பார்த்ததும் முதலாளிக்குக் குளவிதான் ஞாபகம் வந்ததாம். இத்தாலி மொழியில் குளவிக்கு ‘வெஸ்பா’. 1946 ஏப்ரல் 23-ல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. அந்த வருஷம் விற்றது சுமார் 2,500 வண்டிகள். பத்தே வருஷத்தில், 1956-ல், பத்து லட்சமாவது வெஸ்பா வெளியே வந்துச்சு. நடுவுல ‘ரோமன் ஹாலிடே’ படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் அதில் ஏறி ரோமைச் சுத்த, வெஸ்பா ஸ்டார் ஆகிடுச்சு.

டஸ்கானியோ? பியாஜியோவுக்குள்ளேயே திரும்ப ஹெலிகாப்டர் வரைய ஆரம்பிச்சார். ஒரு மாடல் சோதனையில் விபத்துக்குள்ளாச்சு. கம்பெனி அந்த வேலையையே நிறுத்திடுச்சு. ஸ்கூட்டர் அந்த அளவுக்கு லாபம் கொட்டும்போது, நஷ்டமாகுற ஹெலிகாப்டருக்கு எந்த முதலாளிதான் செலவு பண்ணுவார்? அவருக்கு அது ஆறாத வருத்தம். தன்னை எல்லாரும் ஸ்கூட்டருக்காக மட்டுமே ஞாபகம் வெச்சிருக்காங்களேங்கிற ஆதங்கமும் சேர்ந்துக்கிச்சு. பைசா பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார்.

1964-ல் பியாஜியோவை விட்டு விலகினார். அப்போ வயசு 73. ஓய்வெடுக்கலை. ஹெலிகாப்டர் செய்யுற அகுஸ்டா கம்பெனியில் சேர்ந்து, பயிற்சிக்கான சின்ன ஹெலிகாப்டர் ஒண்ணை வரைய உட்கார்ந்துட்டார்.

1981 ஆகஸ்ட்டில், 90 வயசில் காலமானார். அந்தச் சமயத்தில் நம்ம நாட்டில் சேடக்குக்கு புக் பண்ணிட்டு, வருஷக்கணக்கா காத்திருந்தாங்க.